கம்போடியாவுக்கு நிதி திரட்டும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் மூன்று ஆண்டுகள் கம்போடியக் கிராமங்களுக்காக நிதி திரட்டினேன். இப்போது புதிய குழுக்களுக்கு ஆலோசனை சொல்லி வருகிறேன். போன மாதம் ஒரு குழு தன் போஸ்டரைக் காட்டியபோது பகீரென்றது. நாங்கள் அன்று எழுதிய அதே வரி. ரசீது கொடுங்கள், கணக்கு வையுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

ஊரைக் கேட்கும் முன்பே போஸ்டர் அடிப்பது

"600 வெள்ளிக்கு ஒரு கிணறு." இதுதான் அந்த வரி (வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர்). சட்டென்று புரியும், பணமும் வேகமாக வரும். முறுக்கும் கேக்கும் விற்று, தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டு, 11 கிணறுகளுக்குச் சேர்த்துவிட்டுத்தான் காண்டால் மாகாணத்துக்குப் போனோம்.

அங்கே உடன் வந்த உள்ளூர்ப் பொறியாளர், ஏற்கெனவே இருந்த ஓர் அடிபம்பில் தண்ணீர் பிடித்தார். பளிங்கு மாதிரி இருந்தது. சின்னப் புட்டியில் ஊற்றிப் பொடி போட்டு, வெள்ளைத் தாள் பொருத்திய மூடியால் மூடினார். 20 நிமிடம் காத்திருந்தோம். தாள் முதலில் எலுமிச்சை நிறமானது, அப்புறம் கடுகு நிறம், கடைசியில் பழுப்பு. ஆர்செனிக் என்ற நஞ்சு. குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். கம்போடியாவின் வரம்பு 50. அந்தக் கிணறு 50-ஐயும் தாண்டியிருந்தது.

இமயமலைப் பக்கத்திலிருந்து மீகோங் ஆறு கொண்டுவந்து படியவைத்த வண்டலில் இருக்கும் ஆர்செனிக், காற்றுப் புகாத அடிமண்ணில் நீரில் கரைந்துவிடுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. ஆண்டுக்கணக்கில் குடித்தால் உள்ளங்கையில் தோல் தடித்துப் புள்ளி விழும், புற்றுநோயும் வரலாம். வங்கதேசத்தில் 1970-களிலிருந்து வயிற்றுப்போக்கைத் தடுக்க நல்லெண்ணத்தோடுதான் குழாய்க்கிணறுகளைத் தோண்டினார்கள். அவற்றில் ஆர்செனிக் இருப்பது தெரியவந்தது 1993-இல்.

ஒரு பாட்டி தன் வீட்டுக் கூரைக்கடியில் இருந்த சிமெண்ட் தாழியைக் காட்டினார். மழைநீர் பிடிப்பது. பிப்ரவரிக்குள் காலியாகிவிடுமாம். "இன்னும் இரண்டு இருந்தால் போதும்" என்றார். ஒரு ஃபோனில் கேட்டிருந்தால் இதை வீட்டிலிருந்தே தெரிந்துகொண்டிருப்போம்.

ஆனால் எங்களிடம் இருந்தது கிணற்றுக்கென்று வாங்கிய பணம். கொடுத்தவரைக் கேட்காமல் அதைத் தாழிக்குத் திருப்பக் கூடாது. ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதினோம். முறுக்கு வாங்கியவர்களை எங்கே போய்த் தேடுவது? பல்கலைக்கழகத்தோடு பேசி முடிப்பதற்குள் ஏழு மாதம் ஓடியது. அந்தக் கோடை முழுக்கப் பாட்டி தண்ணீரை விலைக்கு வாங்கினார். நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் அடங்கவில்லை.

போஸ்டரில் தேவையை எழுதுங்கள், பொருளை எழுதாதீர்கள்: "இந்தக் கிராமத்தின் குடிநீருக்காக. தண்ணீரைச் சோதித்தபின் கிணறா, தாழியா, வடிகட்டியா என்று ஊராரோடு சேர்ந்து முடிவு செய்வோம்." பணம் மெதுவாகத்தான் வரும். வரட்டும்.

80:20

சிங்கப்பூரில் வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். செலவு போக மிஞ்சும் தொகையில் குறைந்தது 80 விழுக்காட்டை இங்கேயே செலவிட வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. பொதுவில் திரட்டியதில் செலவு போக 10,000 வெள்ளி மிஞ்சினால் கிராமத்துக்குப் போவது அதிகபட்சம் 2,000. தெரிந்தவர்கள் வட்டத்துக்குள் மட்டும் திரட்டினால் விலக்குக் கிடைக்கலாம். தெருவில் உண்டியல் ஏந்துவதற்கு உரிமம் தனி. உண்டியல் வாங்குவதற்கு முன்பே இதையெல்லாம் விசாரித்துவிடுங்கள்.

விமான டிக்கெட்

சொந்தக் காசில் வாங்குங்கள், திரட்டிய நிதியில் அல்ல. அதற்குத் தனிக் கணக்கு.

ஜூன் விடுமுறை

மே முதல் அக்டோபர் வரை அங்கே மழை. கட்டுமான வேலை என்றால் டிசம்பரில் போங்கள்.

கட்டியதோடு பட்ஜெட்டை முடிப்பது

அடுத்த ஆண்டு போனபோது பாட்டியின் புதுத் தாழியில் குழாய் உடைந்திருந்தது. மூடியைத் திறந்து வாளியால் மொண்டுகொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன், உள்ளே கொசுப்புழு நெளிந்தது. டெங்கு பரப்பும் கொசுவுக்கு இப்படித் திறந்து கிடக்கும் தாழிதான் பிடித்த இடம். உடைந்தது சில வெள்ளி விலையுள்ள குழாய். அதை யார் வாங்குவது, எந்தச் சந்தையில் கிடைக்கும், பணம் யாரிடம் இருக்கும் என்று நாங்கள் ஊராரிடம் பேசி வைக்கவே இல்லை. இப்போது என்னிடம் வரும் குழுக்களின் பட்ஜெட்டில் நான் முதலில் தேடுவது மூடிக்கும் குழாய்க்கும் ஒதுக்கிய தொகையைத்தான்.