ஃபேரிங் தகரம் இல்லை: வீட்டிலேயே ஒட்டி பெயிண்ட் அடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் முதன்முதலாக "ஃபேரிங் கிளிப் இருக்கா அண்ணே?" என்று கேட்டபோது, கடைக்காரர் ஒரு வீல் பேரிங்கை எடுத்து மேசையில் வைத்தார். பைக்கின் முன்னாலும் பக்கங்களிலும் மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கையால் காற்றில் வரைந்து காட்டிய பிறகுதான் அவருக்குப் புரிந்தது. "பேனல் கிளிப்புன்னு கேளு தம்பி" என்றார்.

அவர் மேல் தப்பில்லை. ஃபேரிங் நமக்குப் புதுசுதான். 2003-இல் ஹீரோ ஹோண்டா கரிஸ்மா பைக் அரை ஃபேரிங்கோடு வந்தது. 2008-இல் யமஹா ஆர்15 முழு ஃபேரிங்கோடு வந்த பிறகுதான் கல்லூரி வாசல்களில் அந்த உருவம் சகஜமானது. அதற்கு முன் நமக்குத் தெரிந்ததெல்லாம் தகர டேங்க், தகர மட்கார்டு. ஒடுக்கு எடு, பட்டி பார், ரெட் ஆக்சைடு அடி, மேலே பெயிண்ட். இந்தக் கைப்பழக்கத்தை அப்படியே பிளாஸ்டிக் மேல் காட்டுவதால்தான் வீட்டில் செய்கிற வேலை பாதிக்கு மேல் கெட்டுப்போகிறது. நின்றுகொண்டிருந்த வண்டியைச் சரளை மண்ணில் சாய்த்து, இடப்பக்கப் பேனலில் பத்து செ.மீ. விரிசலும் ஒரு காது (ஸ்க்ரூவோ கிளிப்போ மாட்டுகிற நீட்டல்) உடைந்ததுமாக நான் வேலையைத் தொடங்கியபோது என் கைக்கும் தகரம் மட்டும்தான் தெரியும்.

கழற்றும்போதே முதல் தவறு நடக்கும். ஸ்க்ரூ எல்லாவற்றையும் எடுத்தாயிற்று, இன்னும் வரவில்லை என்றால் எங்கோ ஒரு கிளிப்போ ரப்பருக்குள் செருகிய முனையோ பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைத் தேடாமல் இழுத்தால், நல்லா இருந்த காதும் கையோடு வந்துவிடும். ஸ்க்ரூக்களை ஒரே டப்பாவில் கொட்டாதீர்கள். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் நீளம் வேறு வேறு. பேனலின் உருவத்தை அட்டையில் கிறுக்கி, எந்த ஓட்டையில் எது இருந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள்.

எந்த பிளாஸ்டிக் என்று பார்க்காமல் ஒட்டுவது

பேனலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் சின்ன எழுத்தில் ஒரு முத்திரை இருக்கும். வெளிப்பேனல்களில் ஏ.பி.எஸ். என்றிருப்பது வழக்கம். பிரேக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது பிளாஸ்டிக்கின் பெயர். உள்பக்க மட்கார்டு, அடிமூடி போன்றவற்றில் பி.பி. என்றிருக்கலாம், அதாவது பாலிப்ரொப்பிலீன். முத்திரை தேய்ந்திருந்தால் உடைந்த சில்லு ஒன்றை டம்ளர் தண்ணீரில் போடுங்கள். பி.பி. மிதக்கும், ஏ.பி.எஸ். மூழ்கும். இன்னொரு சோதனையும் உண்டு. பஞ்சில் அசிட்டோன் என்கிற கரைப்பானைத் தொட்டு, வெளியே தெரியாத இடத்தில் தேய்த்தால் ஏ.பி.எஸ். பிசுபிசுக்கும். பி.பி. கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

இது தெரியாமல் எதை ஒட்டினாலும் வீண். நான் முதலில் போட்டது சூப்பர் க்ளூ. பத்து விநாடியில் பிடித்துக்கொண்டது, பெருமையாகக்கூட இருந்தது. இரண்டு வாரத்தில், ஒட்டிய கோட்டுக்கு அரை இஞ்ச் தள்ளிப் புது விரிசல். அந்தப் பசை காய்ந்தால் கண்ணாடிபோல விறைத்துவிடும். எஞ்சின் அதிர்வில் பேனல் வளைய வேண்டும், ஒட்டிய இடம் மட்டும் வளையாது. பக்கத்தில் இருப்பது உடையாமல் என்ன செய்யும்? எம்-சீல் வகைக் களிமண் பசைகளும் இப்படித்தான். குழாய்க்கு அருமையானவை. வளைகிற மெல்லிய தட்டுக்கு ஏற்றவை அல்ல.

ஏ.பி.எஸ்.ஸுக்கு ஏ.பி.எஸ்.ஸே மருந்து. புதுப்பேட்டைப் பக்கம் கிடைக்கிற பழைய உடைந்த பேனல் ஒன்றைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, மூடியுள்ள கண்ணாடி பாட்டிலில் அசிட்டோனோடு போட்டு ஒரு ராத்திரி விட்டால், காலையில் பஞ்சாமிர்தப் பதத்தில் குழம்பு தயாராக இருக்கும். டீக்கடை தெர்மகோல் கப்பில் கலக்கலாம் என்று நினைக்காதீர்கள், கப்பும் சேர்ந்து கரையும். விரிசல் முடிகிற நுனியில் 2 அல்லது 3 மி.மீ. ஓட்டை ஒன்று போடுங்கள். இந்த ஓட்டை இல்லையென்றால் விரிசல் உள்ளுக்குள்ளேயே நடந்து போய்க்கொண்டிருக்கும். பின்பக்கம் விரிசலை ஒட்டி ஒரு சின்னப் பள்ளம் கீறி, குழம்பை மெல்லிய பூச்சுகளாக ஏற்றுங்கள். நடுவில் ஒரு துண்டு கம்பிவலை வைத்தால் இன்னும் பலம்.

இங்கே எல்லோரும் சறுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. மேலே தொட்டால் காய்ந்திருக்கும், உள்ளே அசிட்டோன் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கும். அன்றைக்கே தேய்த்துப் பெயிண்ட் அடித்தால், சில நாளில் அந்த இடம் உள்வாங்கிப் பள்ளமாகத் தெரியும். குறைந்தது இரண்டு நாள் சும்மா விடுங்கள். மிச்சக் குழம்பை இறுக்கி மூடி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

பி.பி.யை இப்படி ஒட்ட முடியாது. சால்டரிங் அயர்னால் அதே பிளாஸ்டிக் கீற்றை உருக்கிச் சேர்க்க வேண்டும். சூடு கூடிப் புகைந்து பழுப்பானால் அந்தப் பிணைப்பில் பலம் இருக்காது, புகையும் நல்லதல்ல. ஜன்னல் ஓரமாக இல்லை, வெளியில் உட்கார்ந்து செய்யுங்கள்.

பெட்ரோல் போட்டுத் துடைப்பது

தகர டேங்கைப் பெட்ரோலில் துடைத்து வளர்ந்த கை, ஃபேரிங்கையும் அப்படியே துடைக்கும். பெட்ரோலும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டில் கலக்கிற தின்னரும் ஏ.பி.எஸ்.ஸைக் கடிக்கும். உடனே ஒன்றும் தெரியாது. ஸ்க்ரூ ஓட்டை, மடிப்பு போன்ற இறுக்கம் உள்ள இடங்களில் பிறகு மயிரிழை விரிசல்கள் கிளம்பும். பெயிண்ட் ரிமூவர் இன்னும் மோசம், பெயிண்டோடு பேனலையும் உரித்துவிடும்.

பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும் போதும். ஆனால் தேய்ப்பதற்கு முன்பே கழுவ வேண்டும், வரிசை முக்கியம். பளபளப்புக்காக நாம் பூசிய பாலிஷ், செயினுக்கு அடித்த ஸ்ப்ரே இதிலெல்லாம் சிலிக்கோன் இருக்கலாம். கழுவாமல் வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்) போட்டால் அது கீறல்களுக்குள் இறங்கிவிடும். பிறகு பெயிண்ட் அடித்ததும் அங்கங்கே ஒதுங்கி, மீன் கண் மாதிரி வட்டவட்டமாக ஓட்டை விழும். மேலே எத்தனை கோட் அடித்தாலும் மூடாது. கழுவி, தேய்த்து, கடைசியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் ஒரு துடை. அதற்குப் பிறகு வெறும் கையால் தொடாதீர்கள். காலையில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கை என்றால் கேட்கவே வேண்டாம்.

கம்பெனி பெயிண்ட் முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டும் என்பது இன்னொரு வீண் சிரமம். நன்றாகப் பிடித்திருக்கிற பழைய பெயிண்டைவிட நல்ல அடித்தளம் கிடைக்காது. அடிபட்ட இடத்தின் ஓரங்களை 320, 400 எண் வாட்டர் பேப்பரில் (எண் கூடக் கூட நைஸ்) சாய்வாக இறக்கிவிட்டு, மொத்தப் பேனலையும் 600-இல் மங்கலாக்கினால் போதும். விரலை நேராக வைத்துத் தேய்த்தால் விரல் தடம் பள்ளமாக விழும். பழைய ரப்பர் செருப்பை வெட்டி அதில் பேப்பரைச் சுற்றிக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும்.

பட்டியைக் கனமாக அப்புவதும் பழைய பழக்கம்தான். என்.சி. பட்டி காயக் காயச் சுருங்கும், தடியாகப் போட்டால் வெடிக்கும். சின்னக் கீறலுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, பள்ளத்துக்கு பிளாஸ்டிக்குக்கு என்றே வருகிற இருகலவைப் பட்டி போடுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று அதை இறுக வைக்கிற ஹார்ட்னரைக் கூட்டினால், அதன் நிறம் மேல் பெயிண்டுக்குள் கசியும். ரெட் ஆக்சைடு இரும்புத் துருவுக்கு, பிளாஸ்டிக்கில் ஏது துரு? பிளாஸ்டிக் ப்ரைமர் வாங்குங்கள். பி.பி. பேனல் என்றால் ப்ரைமருக்கும் முன்னால் ஒட்டுதலைக் கூட்டும் அடிப்பூச்சு ஒன்று தேவை. அது இல்லாமல் அடித்த பெயிண்ட் வாட்டர் சர்வீஸ் பைப்பின் வேகத்திலேயே தோலாக உரிந்து வரும்.

வானிலையும் அவசரமும்

ஐப்பசி மழையில் ஒரு நாள் வெயில் வந்ததே என்று ஸ்ப்ரே டப்பாவை எடுக்காதீர்கள். காற்றில் ஈரம் அதிகமிருந்தால், கரைப்பான் ஆவியாகும்போது குளிர்ந்த பெயிண்ட் மேல் ஈரம் படிந்து பால் ஊற்றியதுபோல வெளிறிவிடும். சித்திரை மதிய வெயிலும் ஆகாது. பேனல் சுடும், தூறல் போய்ச் சேருவதற்குள்ளேயே பாதி காய்ந்து உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக நிற்கும். பனி விலகிய பிறகு, வெயில் ஏறும் முன், நிழலில் அடியுங்கள்.

டப்பாவை உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகும் இரண்டு நிமிடம் குலுக்குங்கள். 20 முதல் 25 செ.மீ. தூரம். பேனலுக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள். முதல் கோட்டில் அடிப்பகுதி தெரிந்தால் பரவாயில்லை. ஒரே கோட்டில் மூடப் பார்ப்பதால்தான் பெயிண்ட் வடிகிறது. வடிந்ததைத் துணியால் துடைத்தால் இன்னும் கெடும். காயவிட்டு, 800-இல் தேய்த்து, மறுபடி அடிக்கலாம். கோட்டுக்கு இடையே டப்பாவில் போட்டிருக்கிற நேரத்தை மதியுங்கள். சரியாகக் காயாத எனாமல் மேல் லாக்கர் பட்டால், பால் ஆடைபோலச் சுருங்கி எழும்பும். அப்புறம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முதலிலிருந்து வர வேண்டியதுதான்.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக. டப்பா மூடியின் நிறத்தை நம்பாதீர்கள், ஓர் அட்டையில் அடித்துக் காயவைத்து வண்டியோடு ஒப்பிடுங்கள். சரியான கலர் கோடு வாங்கினாலும், பல வருஷம் வெயிலில் நின்ற வண்டி அந்த நிறத்தில் இருக்காது. மெட்டாலிக் என்றால் பேனல்களை வண்டியில் நிற்கிற மாதிரியே நிறுத்தி, ஒரே நாளில் அடியுங்கள். வேறு வேறு நாளில் வேறு வேறு கோணத்தில் அடித்தால் துகள் படிகிற விதம் மாறி, இரண்டு வண்டியின் பாகங்கள்போலத் தெரியும். நிறத்தையே மாற்றப் போகிறீர்களா? ஆர்.சி.யில் வண்டியின் நிறம் பதிவாகியிருக்கிறது என்பதை மறக்காமல், முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறத்துக்கு மேல் கடைசியாக அடிக்கிற நிறமில்லாத கிளியர் கோட் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். சாதாரண ஸ்ப்ரே கிளியர் பெட்ரோல் பட்டால் கரையும், டேங்குக்குப் பக்கத்திலிருக்கும் பேனலுக்கு அது உதவாது. ஹார்ட்னர் கலந்த டூ-கே கிளியர்தான் தாங்கும். ஆனால் அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமாவையே வரவழைக்கக் கூடியது. கைக்குட்டையோ துணி மாஸ்க்கோ அதைத் தடுக்காது. மற்ற எல்லா வேலையையும் வீட்டில் முடித்துவிட்டு, இந்த ஒரு கோட்டுக்கு மட்டும் பெயிண்டிங் பூத் உள்ள கடைக்குக் கொடுத்துவிடுங்கள் என்பேன். எந்த ஸ்ப்ரேயையும் சமையலறை, சாமி விளக்கு, கொசுவத்திச் சுருள் இருக்கிற பக்கம் அடிக்காதீர்கள்.

கையில் ஒட்டவில்லை என்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. உள்ளே இறுக இன்னும் நாள் பிடிக்கும். மறுநாளே மாட்டினால் வாஷர் அமுங்கி வட்டத் தழும்பு விழும். மெழுகு பாலிஷுக்கு ஒரு மாதம் பொறுங்கள். மாட்டும்போது ரப்பர் வாஷர்களை விடாதீர்கள். எல்லா ஸ்க்ரூவையும் பாதி ஏற்றி, பேனல் அதனதன் இடத்தில் உட்கார்ந்த பிறகு மெதுவாக இறுக்குங்கள். டேங்க் போல்ட் மாதிரி முறுக்கக் கூடாது. நான் முறுக்கினேன். பெயிண்ட் கண்ணாடிபோல வந்திருந்தது, கடைசி ஸ்க்ரூ, இன்னும் கால் சுற்று என்று நினைத்தேன். 'டக்' என்றது, மூன்று நாள் உட்கார்ந்து ஒட்டிய அதே காது. உள்ளே போய் அந்தக் குழம்பு பாட்டிலை மறுபடி எடுத்து வந்தேன்.