பதின்ம வயதில் முடி மெலிந்தால் வீட்டில் செய்யும் தவறுகள்

எண்ணெயை மாற்றுவது, ஷாம்பூவை மாற்றுவது பற்றி இங்கே பேசப்போவதில்லை. அவற்றில் பணம்தான் போகும். பிள்ளைக்கு முடி மெலியத் தொடங்கியதும் ஒவ்வொரு வீட்டிலும் திரும்பத் திரும்ப நடக்கும், மாதக்கணக்கைத் தின்றுவிடும் தவறுகள் வேறு.

காரணத்தைப் போன வாரத்தில் தேடுவது

ஆகஸ்டில் டெங்கு வரும். நவம்பரில் சீப்பு நிறைய முடி வரும். நடுவில் மூன்று மாதம் ஓடிவிட்டதால் இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. போன வாரம் வாங்கிய ஷாம்பூவோ, ஹாஸ்டலின் போர் தண்ணீரோ பழியைச் சுமக்கும். உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், நடுவில் ஒடிக்கவும் செய்யும். வேரிலிருந்து உதிர வைக்காது. ஹாஸ்டலுக்குப் போனதும் காலைச் சாப்பாடு நின்றதையும் தூக்கம் குறைந்ததையும் யாரும் கேட்பதில்லை.

உடம்பு பெரிய அடி வாங்கினால், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் ஒரு பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வுக் காலம் இரண்டு மூன்று மாதம். அது முடிந்ததும் கொத்தாக உதிரும். நுனியில் வெள்ளை முடிச்சைப் பார்த்து “வேரோடு வருதே” என்று பயப்படுவார்கள். அது ஓய்வுக்குப் போன முடியின் அடையாளம்தான். மயிர்க்கால் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது.

இந்த வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே அடங்கிவிடும். எரிச்சல் தருவது அதற்குப் பிறகு நடப்பதுதான். அடங்கும் நேரத்தில் கையில் இருந்த எண்ணெய்க்குப் பெயர் கிடைத்துவிடும். அதே எண்ணெய் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் போகும். அவளுக்கு இருப்பதோ தைராய்டு கோளாறு. தேய்த்துத் தேய்த்தே ஒரு வருடம் போய்விடும்.

காலண்டரை எடுங்கள். உதிர்வு தொடங்கிய வாரத்தைக் குறியுங்கள். அங்கிருந்து இரண்டு முதல் நான்கு மாதம் பின்னால் போய்ப் பாருங்கள்: கடுங்காய்ச்சல், டைபாய்டு, அறுவை சிகிச்சை, அவசர டயட்டில் இறங்கிய எடை, புதிதாகத் தொடங்கிய மாத்திரை. பருவுக்கான ஐசோட்ரெட்டினோயினும் வலிப்புக்கான வால்ப்ரோயேட்டும் முடியை உதிர்க்கக்கூடியவை. ஆனால் வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தேடியும் காரணம் கிடைக்காவிட்டாலோ, ஆறு மாதம் தாண்டியும் கொட்டினாலோ தோல் மருத்துவரிடம் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஹீமோகுளோபின் பார்த்ததோடு நிறுத்துவது

ஹீமோகுளோபின் 12க்கு மேல் இருந்தால் “ரத்தம் நல்லா இருக்கு” என்று முடித்துவிடுகிறார்கள். இரும்புச்சத்துக் குறைந்தாலும் முடி உதிரலாம். குறையும்போது உடம்பின் இரும்புச் சேமிப்பு முதலில் காலியாகும். ஹீமோகுளோபின் அதற்குப் பிறகுதான் இறங்கும். சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனை. மாதவிடாயில் அதிக ரத்தம் போகும் பெண்பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். காய்ச்சலோடு எடுத்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறி, குறையை மறைத்துவிடும். உடம்பு தேறிய பிறகு எடுங்கள்.

மருத்துவர் இரும்பு மாத்திரை கொடுத்தால் டீ, காபி, பாலோடு விழுங்கக் கூடாது. எலுமிச்சைச் சாறு நல்லது. மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்திவிடாதீர்கள். சேமிப்பு நிரம்ப மாதங்கள் ஆகும்.

பயோட்டின் விழுங்கிவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போவது

பயோட்டின் என்பது முடிக்காக விற்கப்படும் ஒரு பி வைட்டமின். இந்த வயதில் அதன் தேவை நாளைக்குச் சுமார் 25 மைக்ரோகிராம். கடையில் கிடைக்கும் 10 மில்லிகிராம் மாத்திரை அதைப்போல 400 மடங்கு. அதிக அளவு பயோட்டின் சில ஆய்வகக் கருவிகளில், தைராய்டு பரிசோதனையில் பார்க்கும் டிஎஸ்எச், டி4 என்ற ஹார்மோன்களில் டிஎஸ்எச் அளவைக் குறைத்தும் டி4 அளவைக் கூட்டியும் காட்டும். தைராய்டு குறைவாகச் சுரக்கும் பிள்ளையின் முடிவு சரியாக இருப்பதுபோல வந்துவிடலாம். குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், ஆய்வகத்திலும் சொல்லுங்கள். வைட்டமின் ஏ மாத்திரை அளவு மீறினால் அதுவே முடியை உதிர்க்கும்.

மொட்டை

மயிர்க்காலைக் கத்தி தொடுவதில்லை. மொட்டை அடிப்பதால் முடியின் அடர்த்தி அதிகரிக்காது.

இழுத்துக் கட்டிய சடை

பள்ளிக்காக ஈரத்தலையில் இறுக்கிப் பின்னி, மடித்து ரிப்பன் கட்டுவதில் நெற்றியோரமும் காதுக்கு மேலேயும் முடி பின்வாங்கும். அங்கே சிறு கொப்புளமோ வலியோ இருந்தால் இழுவை அதிகம் என்று அர்த்தம். ஆரம்பத்தில் தளர்த்தினால் திரும்பும். வருடக்கணக்கில் விட்டால் வேர் தழும்பாகிவிடும், பிறகு வளராது. தளர்வான சடைக்குப் பள்ளியிடம் எழுதிக் கேளுங்கள்.

அப்பாவின் மினாக்சிடிலை எடுத்துப் பூசுவது

மினாக்சிடில் வழுக்கைக்குத் தலையில் பூசும் மருந்து. 18 வயதுக்குக் கீழ் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

வட்டமாக, வழவழவென்று முடி விழுந்த இடம் புழுவெட்டாக இருக்கலாம். வெங்காயம் தேய்த்துப் புண்ணாக்காமல் காட்டுங்கள். செதில், கறுப்புப் புள்ளி, சீழ், கழுத்தில் நெறிகட்டு இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு உள்ளுக்குச் சாப்பிடும் மருந்து வேண்டும், களிம்பு போதாது. ஸ்டீராய்டு கலந்த களிம்பு அதை வளர்த்துவிடும்.

வகிடு அகலமாகிறது, முகத்தில் முடி வளர்கிறது, பூப்பெய்தி மூன்று வருடம் கழிந்தும் மாதவிடாய் 35 நாளைத் தாண்டுகிறது என்றால் பிசிஓஎஸ் (சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு) உண்டா என்று பார்க்க வேண்டும். காய்ச்சல், மூட்டுவலி, வாய்ப்புண், கன்னத்தில் சிவப்பு ஆகியவை முடி உதிர்வோடு சேர்ந்து வந்தால் அந்த வாரமே மருத்துவமனைக்குப் போங்கள்.

நீளம் தாறுமாறாக ஒடிந்த முடி ஒரே இடத்தில் இருந்தால், பிள்ளை தன்னையறியாமல் பிடுங்கிக்கொண்டிருக்கலாம். திட்டினால் மறைத்துச் செய்யும். மனநல மருத்துவரோ உளவியலாளரோ உதவ முடியும்.