‘தாய்ப்பால்’ நாவலை ‘சோவியத் பால்’ ஆக்காதீர்கள்

எங்கள் வாசகர் வட்டத்தில், பால்டிக் கடலோர நாடான லாத்வியாவின் எழுத்தாளர் நோரா இக்ஸ்டெனாவை அறிமுகப்படுத்தச் சொன்னார்கள். நான் பேசிய முதல் வரியே தப்பு. “லாத்வியாவின் சோவியத் எழுத்தாளர்” என்று ஆரம்பித்தேன். அவர் லாத்வியத் தலைநகர் ரீகாவில் பிறந்தது 1969இல். முதல் புத்தகம் வந்தது 1993இல். லாத்வியா சுதந்திரத்தை மீட்டதோ 1991 ஆகஸ்டில். அதாவது, சோவியத் ஆட்சியில் அவர் வளர்ந்தார், படித்தார். புத்தகம் என்று ஒன்றைக்கூட வெளியிடவில்லை.

நமக்கு இந்தத் தப்பு சுலபமாக வரும். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் தமிழில் அச்சிட்ட மலிவு விலைப் புத்தகங்களோடு வளர்ந்த தலைமுறை நாம். அந்தப் பக்கத்திலிருந்து எது வந்தாலும் ‘ரஷ்ய இலக்கியம்’ என்ற ஒரே அலமாரிதான். அதே கையோடு, “சோவியத் உடைந்து உருவான நாடு” என்றும் எழுதிவிடுகிறோம். லாத்வியா தன்னை ஒரு குடியரசாக அறிவித்துக்கொண்டது 1918 நவம்பர் 18 அன்று. 1940இல் சோவியத் படை புகுந்தது, 1941இல் ஜெர்மானியர்கள் வந்தார்கள், 1944இல் சோவியத் திரும்பி வந்தது. அதனால் 1991இல் நாடு பிறந்தது என்று அவர்கள் சொல்வதில்லை, மீண்டது என்பார்கள். இக்ஸ்டெனாவைப் படிக்க இந்த ஒரு சொல் வித்தியாசம் மிகவும் முக்கியம்.

மொழி விஷயத்திலும் கவனம் தேவை. லாத்விய மொழி ரஷ்ய மொழியின் கிளை இல்லை. லிதுவேனிய மொழியோடு சேர்ந்து, சமஸ்கிருதமும் இருக்கும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் பால்டிக் என்ற தனிக் கிளை அது. (பால்டிக் வேறு, பால்கன் வேறு. அச்சிலேயே இந்தக் குழப்பத்தைப் பார்த்திருக்கிறேன்.) இக்ஸ்டெனாவின் புகழ்பெற்ற நாவலின் பெயர் ‘மாத்தெஸ் பியென்ஸ்’. அம்மாவின் பால், அதாவது ‘தாய்ப்பால்’ என்று பொருள். ‘மாத்தெ’யும் சமஸ்கிருத ‘மாத்ரு’வும் ஒரே வேர்; நம் ‘மாதா’ அங்கிருந்து வந்ததுதான். ‘பியென்ஸ்’ என்பதற்கும் ‘பயஸ்’ என்ற சமஸ்கிருதச் சொல்லுக்கும் வேர் ஒன்று. பயஸிலிருந்து வந்ததுதான் நம் வீட்டுப் பாயசம். ரீகாவின் பாலுக்கும் நம் பாயசத்துக்கும் இப்படி ஒரு தூரத்து உறவு!

பெயரை எழுதும்போது ஒரு சின்னக் கண்ணி உண்டு. அட்டையிலோ கட்டுரையிலோ ‘நோராஸ் இக்ஸ்டெனாஸ்’ என்று பார்த்தால் அப்படியே எழுதிவிடாதீர்கள். அது வேற்றுமை உருபு ஏறிய வடிவம், ‘நோரா இக்ஸ்டெனாவின்’ என்று அர்த்தம். குடும்பப் பெயரும் ஆணுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு ஒரு மாதிரி முடியும். அதே வீட்டு ஆண் என்றால் இக்ஸ்டென்ஸ்.

சரி, பெரிய தப்புக்கு வருவோம். நாவல் 2015இல் வந்தது. 2018இல் மார்கிதா கைலிதிஸின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்குப் போனபோது அதன் பெயர் ‘சோவியத் மில்க்’ ஆனது. அந்தத் தலைப்பை மட்டும் பிடித்துக்கொண்டு, “சோவியத் கொடுமைகளைச் சொல்லும் நாவல்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கொடுமை இருக்கிறது, இல்லை என்று யார் சொன்னது? ஆனால் மூலத் தலைப்பு வைக்கும் கேள்வி வேறு. நாவலில் வரும் அம்மா ஒரு மகப்பேறு மருத்துவர், திறமைசாலி. லெனின்கிராடில் ஆராய்ச்சி செய்யப் போனவர், நோயாளி ஒருத்தியை வதைக்கும் கணவனை அடித்துவிடுகிறார். அந்தப் பாதை அத்தோடு அடைபட்டு, கிராமத்துச் சிகிச்சை நிலையம் ஒன்றுக்கு வந்து சேர்கிறார். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் பிரசவம் பார்க்கிறவருக்குத் தான் வாழ்வதில் விருப்பமில்லை. மகள் பிறந்ததும் பால் கொடுக்காமல் சில நாள் எங்கோ போய்விடுகிறார். தன் பாலோடு தன் விரக்தியும் குழந்தைக்குள் இறங்கிவிடும் என்பது அவர் பயம். பிறகு அந்த மகளுக்குப் பால் என்றாலே ஒவ்வாது. பள்ளியில் குடிக்கச் சொல்லும் பால் குமட்டுகிறது.

இதைப் படித்துவிட்டு “பொறுப்பில்லாத அம்மா” என்று தீர்ப்பு எழுதுவது இன்னொரு தப்பு. தாய்ப் பாசத்தைச் சினிமாவில் பார்த்தே பழகிய நமக்கு அந்த அவசரம் கொஞ்சம் அதிகம். பால் கொடுக்காததையே அவருடைய அன்பாகவும் படிக்கலாம். எது சரி என்று நாவல் சொல்வதில்லை, நாமும் சொல்ல வேண்டியதில்லை.

நாவலில் மகள் பிறந்த நாள் 1969 அக்டோபர் 15. ஆசிரியர் பிறந்ததும் அதே நாள்தான். உடனே இது சுயசரிதை என்று அறிவித்து, நாவலின் ஒவ்வொரு சம்பவத்தையும் அவர் வாழ்க்கைக் குறிப்பில் சேர்த்துவிடாதீர்கள். சொந்த வாழ்க்கை அடியில் இருக்கிறது என்பது வரை எழுதலாம். அதில் வருகிற அம்மாவுக்கும் மகளுக்கும் பெயரே வைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

அப்புறம், ஒரே ஒரு புத்தகம் எழுதியவரும் இல்லை. முதல் நாவல் 1998இல் வந்த ‘வாழ்வின் கொண்டாட்டம்’. வாழ்க்கை வரலாறுகளும் எழுதியிருக்கிறார். எஸ்டோனியா, லாத்வியா, லிதுவேனியா மூன்றும் சேர்ந்த பால்டிக் பேரவையின் விருது 2006இல் கிடைத்தது. ‘தாய்ப்பால்’கூடத் தனியாக வந்ததல்ல. லாத்வியாவின் இருபதாம் நூற்றாண்டைப் பதின்மூன்று எழுத்தாளர்கள் ஆளுக்கொரு நாவலாக எழுதிய வரிசையில் அதுவும் ஒன்று.

கடைசியாக, படிக்கும்போதே வரும் ஒரு குழப்பம். அம்மாவும் மகளும் மாறி மாறி ‘நான்’ என்று பேசுகிறார்கள், இப்போது பேசுவது யார் என்று தலைப்பு எதுவும் போடுவதில்லை. முதல் முப்பது பக்கத்துக்கு ஓரத்தில் பென்சிலால் ‘அ’, ‘ம’ என்று குறித்துக்கொண்டே போனேன். பின்னால் ஓரிடத்தில் ‘அ’ என்று போட்டதை அழித்து ‘ம’ என்று மாற்ற வேண்டியிருந்தது. எழுந்திருக்க மனமில்லாமல் கிடப்பவரை ஒருத்தி பார்த்துக்கொள்கிறாள். அவள் அம்மாதான் என்று நினைத்துவிட்டேன்.