எறும்பை விரட்டாதீர்கள், வீட்டுக்கு அனுப்புங்கள்

படுக்கப் போகும் முன் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போகிறீர்கள். கெட்டில் சுவிட்சின் ஓரத்திலிருந்து டின் பால் வரைக்கும் மெல்லிசாக ஒரு கோடு. குனிந்து பார்த்தால்தான் அது எறும்பு என்று தெரிகிறது: ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும், தலையும் நெஞ்சும் கறுப்பு, வயிறும் காலும் கண்ணாடி மாதிரி. கை தானாகவே அலமாரியின் கீழ்த்தட்டில் உள்ள ஸ்ப்ரே டின்னுக்குப் போகிறது. இரண்டு அழுத்து. கோடு மறைந்துவிட்டது. நாலாம் நாள் குளியலறையில் ஒரு கோடு, சாமி மாடத்தில் இன்னொரு கோடு.

எறும்பு விஷயத்தில் நாம் செய்யும் தவறுகளில் பெரியது அந்த இரண்டு அழுத்துதான்.

சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகளில் இப்படிக் கோடு போடுகிறவற்றில் இரண்டு வகை முக்கியம். ஒன்று மேலே சொன்னது. ஆங்கிலத்தில் இதைப் பேய் எறும்பு என்பார்கள். நசுக்கி முகர்ந்தால் கெட்டுப்போன தேங்காய் வாடை வரும். மற்றது ஃபேரோ எறும்பு. இரண்டு மில்லிமீட்டர், உடம்பு முழுக்க மஞ்சள் கலந்த பழுப்பு. நம்மூர்க் கட்டெறும்புக் கூடு மாதிரி ஒரே இடத்தில், ஒரே ராணியோடு இவை இருப்பதில்லை. ஒரு கூட்டில் பல ராணிகள். டைல் இடுக்கு, சுவிட்ச் பெட்டி, கதவு நிலையின் பின்புறம், ஏர்கான் குழாயை மூடிய பிளாஸ்டிக் உறை, விரலை நுழைக்க முடியாத எந்த இடமும் அவற்றுக்கு வீடு.

வெளியே இரை தேடி வருவது கூட்டத்தில் ஒரு சிறு பங்குதான். அவற்றைக் கொன்றால் ராணிக்கு ஒன்றும் ஆகாது. அதைவிட மோசம், ஸ்ப்ரேயில் உள்ள மருந்தின் நெடி கூட்டுக்குள் கலவரத்தைக் கிளப்பிவிடும். ஒரு ராணியும் கொஞ்சம் வேலைக்கார எறும்புகளும் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு வேறு இடுக்குக்குக் குடிபோய்விடும். ஒரு கூடு மூன்றாகும். எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை வரும் என்பார்கள். ஸ்ப்ரே அடித்த மறுநாள் உங்கள் சுவரில் வெள்ளை வெள்ளையாக எதையோ தூக்கிக்கொண்டு ஏறினால் அது மழைக்கு அல்ல.

சுவிட்ச் ஓட்டைக்குள் ஸ்ப்ரே அடிப்பது இன்னொரு ஆபத்து. டின்னில் இருக்கும் வாயு தீப்பிடிக்கக்கூடியது, உள்ளே மின்சாரம்.

இரை வைப்பதில் நடக்கும் தவறுகள்

செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது. எறும்பு சாகாமல் வீடு போய்ச் சேர வேண்டும், வயிற்றில் கொஞ்சம் மருந்தோடு. எறும்புகள் தாம் குடித்ததைக் கக்கி ஒன்றுக்கொன்று ஊட்டிக்கொள்ளும். அப்படி வாய்க்கு வாய் போய், புழுவுக்கும் ராணிக்கும் அது சேர வேண்டும். அதனால் மருந்து மெதுவாகத்தான் வேலை செய்ய வேண்டும்.

பேரங்காடியில் தயாராக விற்கும் இரையை வாங்கலாம். வீட்டில் கலக்குகிறவர்கள் அளவில்தான் கோட்டை விடுகிறார்கள். "கொஞ்சம் தூக்கலாகப் போட்டால் சீக்கிரம் சாகும்" என்று நினைப்பது இயல்பு. தூக்கலாகப் போட்டால் எறும்பு இரைக்குப் பக்கத்திலேயே செத்துக் கிடக்கும், கூடு அப்படியே இருக்கும். அல்லது வாயே வைக்காது. சரியான அளவு இது: வெந்நீர் 250 மில்லி, சீனி 25 முதல் 30 கிராம், போரிக் அமிலம் என்றால் 2.5 கிராம், வெண்காரம் என்றால் 3.5 முதல் 4 கிராம். அதாவது நூற்றுக்கு ஒரு பங்கு போரிக் அமிலம், அவ்வளவுதான். கண் அளவு வேண்டாம், சமையலறைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். முழுக்கக் கரைந்து தெளிந்த நீராக வேண்டும். அடியில் மணல் மாதிரி தங்கினால் இன்னும் கலக்குங்கள்.

நாட்டு மருந்துக் கடையில் கேட்கும்போது பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். வெண்காரம் வேறு, படிகாரம் வேறு. இரண்டும் வெள்ளைக் கட்டி, இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஜாடியில் இருக்கும். முகம் மழித்தபின் தேய்க்கும் படிகாரத்தைச் சீனித் தண்ணீரில் கரைத்து வைத்துவிட்டு, எறும்பு சாகவில்லையே என்று காத்திருப்பதில் பயனில்லை. கேரம் பலகைக்குத் தூவும் பவுடரையும் நம்ப வேண்டாம். ஒரு காலத்தில் அது போரிக் பவுடராகவே இருந்தது, இப்போது மாவுப்பொருளிலும் வருகிறது.

கலந்ததைப் பஞ்சில் நனைத்து, பாட்டில் மூடியில் வைத்து, கோடு ஓடும் இடத்தின் ஓரத்தில் நாலைந்து இடங்களில் வையுங்கள். ஓர் இடம் போதாது. முதல் நாள் கூட்டம் கூட்டமாக மொய்க்கும். பலரும் இங்கேதான் பொறுமை இழந்து துடைத்துவிடுகிறார்கள். மொய்ப்பதுதான் வேண்டும். அந்த நேரத்தில் கோட்டைச் சோப்புப் போட்டுத் துடைக்காதீர்கள், வினிகர் தெளிக்காதீர்கள், பக்கத்தில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். எறும்பு தரையில் விட்டுச் செல்லும் வாசனைதான் அதன் சாலை. சாலையை அழித்துவிட்டால் இரைக்கு யாரும் வரமாட்டார்கள். சிந்திய ஜாமையும் மூடாத சீனி டப்பாவையும் மட்டும் அப்புறப்படுத்துங்கள். பக்கத்தில் விருந்து இருந்தால் உங்கள் இரைக்கு மவுசு இருக்காது.

பஞ்சு காய்ந்தால் மறுபடி நனையுங்கள். சில நாளில் கூட்டம் குறையும். முழுக்க ஓய இரண்டு மூன்று வாரமாகலாம். ஓய்ந்த பிறகு பாத்திரச் சோப்பு நீரால் அந்தத் தடத்தை அழுத்தித் துடையுங்கள்.

சீனித் தண்ணீரை மதிக்காமல் எறும்பு தாண்டிப் போனால், மருந்தைக் குறை சொல்லும் முன் அதன் நாக்கைச் சோதியுங்கள். ஓர் அட்டைத் துண்டில் ஒரு பக்கம் ஒரு சொட்டுத் தேன், மறுபக்கம் கொஞ்சம் கடலை வெண்ணெய். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் எதில் மொய்க்கிறது என்று தெரியும். ஃபேரோ எறும்பு கொழுப்புக்கும் புரதத்துக்கும் நன்றாக வரும். அதற்கு அந்த வகை ஜெல் இரை வாங்குங்கள்.

போரிக் அமிலமும் வெண்காரமும் விஷம்தான். தவழும் குழந்தை, பூனை எட்டும் இடத்தில் திறந்த மூடியில் வைக்கக்கூடாது. ஓட்டை போட்ட டப்பாவுக்குள் வைத்து டேப் ஒட்டுங்கள். மீதியைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பார்க்கச் சாதாரணத் தண்ணீர் மாதிரியே இருக்கும், குடித்தால் இனிக்கும்.

தண்ணீர்த் தட்டு

நெய் ஜாடியைத் தட்டுத் தண்ணீரில் நிறுத்துவது, சாப்பாட்டு அலமாரியின் நாலு காலையும் கிண்ணத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்றுவது பாட்டி காலத்து யோசனை. எறும்புக்கு நல்ல தடைதான். ஆனால் இந்த ஊரில் அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1960-களில் சிங்கப்பூர் வீடுகளில் ஏடிஸ் கொசு எங்கே முட்டையிடுகிறது என்று ஆய்வு செய்தபோது, அதிகம் அகப்பட்ட இடங்களில் இந்த எறும்புக் கிண்ணமும் ஒன்று. டெங்கிக் கொசுவுக்கு வீட்டுக்குள்ளேயே, நிழலில், யாரும் அசைக்காத தண்ணீர். இதைவிட வேறென்ன வேண்டும்? முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும்.

கட்டாயம் வைக்க வேண்டுமென்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரைக் கொட்டி, கிண்ணத்தின் உட்சுவரைப் பிரஷ்ஷால் தேயுங்கள். முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை, சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தாலும் பல மாதம் உயிரோடிருக்கும். வெறுமனே ஊற்றி மாற்றினால் அது அங்கேயே இருக்கும். அலமாரிக் கால்களில் இரண்டு விரல் அகலத்துக்கு வாஸ்லைன் தடவுவது இதைவிட நல்லது. டின் பாலைத் திறந்ததும் கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் பாதி வேலை முடிந்தது.

சாக்பீஸ், மஞ்சள்தூள், பட்டைத்தூள் எல்லாம் ஒரே ஜாதி. கோட்டைத் திசை திருப்பும், கூட்டைத் தொடாது. எறும்புச் சாக்பீஸ் பள்ளிக்கூடச் சாக்பீஸ் மாதிரியே இருப்பதால் பிள்ளைகள் எடுத்து வரையும், வாயில் வைக்கும். உள்ளே இருப்பது பூச்சிமருந்து. பிளீச்சையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து தரை துடைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். அதிலிருந்து குளோரின் வாயு கிளம்பும், சன்னலில்லாத குளியலறையில் மூச்சு அடைக்கும்.

சாமி மாடத்துக் கற்கண்டையும் வாழைப்பழத்தையும் இரவு முழுக்க விட்டுவிட்டு எறும்பைக் குறை சொல்லக்கூடாது. நைவேத்தியம் முடிந்ததும் எடுத்து மூடுங்கள், விளக்கடி எண்ணெயைத் துடையுங்கள். அரிசிமாக் கோலம் எறும்புக்கு அன்னதானம் என்றுதானே போடுகிறோம்? அப்படியானால் வாசற்படியை ஒட்டிப் போடாமல் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். கறுப்பாக, நீளக் காலோடு தறிகெட்டு ஓடும் பிள்ளையார் எறும்பு வந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். கடிக்காது, பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து போகும்.

கரப்பான்

கரப்பானிலும் முதலில் ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றரை, நாலு சென்டிமீட்டர் நீளத்தில் செம்பழுப்பாகப் பறந்து வந்து அலற வைப்பது சாக்கடையிலிருந்தும் குப்பைக் குழாயிலிருந்தும் வருகிற விருந்தாளி. ஒன்றரை சென்டிமீட்டருக்குள், கழுத்தில் இரண்டு கறுப்புக் கோட்டோடு மைக்ரோவேவ் அடியில் ஓடுவது உங்கள் வீட்டிலேயே பிறந்து வளர்ந்தது. பெரியதற்கு வழியை அடைக்க வேண்டும், சின்னதற்கு இரை வைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் காசு வீண்.

வழி என்பது பெரும்பாலும் இரண்டு. 1989-க்கு முந்திய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குகளில் குப்பை போடும் வாய் சமையலறைக்குள்ளேயே இருக்கும். அதன் மூடி சரியாகப் படியாமல் ஒரு நூல் இடைவெளி இருந்தாலும் போதும். ஓரத்தில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள், குப்பையைப் பையில் கட்டிப் போடுங்கள், மீன் கழுவிய தண்ணீரை அதில் ஊற்றாதீர்கள். குழாய்க்குள்ளிருந்தே பெருகி வந்தால் நகர மன்றத்துக்குச் சொல்லுங்கள். இரண்டாவது வழி, குளியலறைத் தரைத் துவாரம். அதன் அடியில் நிற்கும் தண்ணீர்தான் பூட்டு. புழங்காத குளியலறையில் அது வற்றிவிட்டால் கதவு திறந்த மாதிரி. வாரம் ஒருமுறை அரை வாளி ஊற்றுங்கள். டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் துவாரத்தை மூடி டேப் ஒட்டிவிட்டுப் போனால் கொசுவுக்கும் சேர்த்துத் தடை.

சின்னக் கரப்பான் ஒரு முட்டைப் பையில் முப்பது நாற்பது குஞ்சு வைக்கும். ஸ்ப்ரே அந்தப் பைக்குள் இறங்காது. ஜெல் இரையை உளுந்து அளவுக்குப் பத்துப் பதினைந்து புள்ளியாக, கதவுக் கீல், ஃபிரிட்ஜ் மோட்டார்ப் பக்கம், சிங்க்கின் அடி என்று வையுங்கள். ஒரே இடத்தில் நீளமாகப் பிதுக்குவது பயன்படாது. அது ஒளிகிற இடத்துக்கு அருகில் இருக்க வேண்டும். ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடித்தால் கரப்பான் அந்தப் பக்கமே வராது. காய்ந்த புள்ளியைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வையுங்கள்.

துணி அலமாரிக்கு அந்துருண்டை போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரில் 1965 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி6பிடி என்னும் நொதியின் குறைபாட்டுச் சோதனை செய்கிறார்கள். அந்தக் குறைபாடுள்ள குழந்தைக்கு நாப்தலின் உருண்டையின் நெடி பட்ட துணி போட்டாலே இரத்தச் சிவப்பணுக்கள் உடையலாம், மஞ்சள் காமாலை வரலாம். தாத்தாவின் பெட்டியிலிருந்து எடுத்த பட்டுத்துணியில் பேரனைச் சுற்றும் முன் அந்த உருண்டை எதனால் ஆனது என்று பாருங்கள். குழந்தை இருக்கும் வீட்டில் அது தேவையே இல்லை.

அரிசி வண்டு வெளியிலிருந்து வருவதைவிட மூட்டைக்குள்ளிருந்து வருவதே அதிகம். முட்டை அரிசி மணிக்குள்ளேயே இருக்கும். வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் வளர்ந்த வண்டைக் கொஞ்சம் விரட்டலாம், மணிக்குள் இருப்பதை ஒன்றும் செய்யாது. வாங்கி வந்ததும் கட்டிப் பையோடு நாலு நாள் ஃபிரீசரில் வையுங்கள், ரவையையும் ஆட்டா மாவையும் அப்படியே. வெளியே எடுத்து, பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட்டு, பிறகு டப்பாவில் கொட்டுங்கள். குளிராகத் திறந்தால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும்.

பல்லியைக் கொல்ல வேண்டியதில்லை. அது பூச்சி தின்ன வந்தது, பூச்சி குறைந்தால் அதுவும் குறையும். எந்தத் தோளில் விழுந்தால் என்ன பலன் என்பது காலண்டர்காரர் விவகாரம்.

மழை விட்ட மாலையில் விளக்கைச் சுற்றி ஈசல் மொய்த்து, காலையில் சன்னல் ஓரம் சிறகாகக் கொட்டிக் கிடந்தால் மட்டும் அலட்சியம் வேண்டாம். சிறகெறும்புக்கும் ஈசலுக்கும் வித்தியாசம் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கை மாதிரி மடங்கும், முன்சிறகு பின்சிறகைவிடப் பெரிது. ஈசலுக்கு இடுப்பே இல்லை, கொம்பு நேர், நாலு சிறகும் ஒரே நீளம். ஈசல் என்றால் கறையான். வெளியிலிருந்து விளக்குக்கு வந்ததாகவும் இருக்கலாம்; ஆனால் கதவு நிலையைத் தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்டாலோ சுவரில் மண் குழாய் ஏறியிருந்தாலோ வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் குழாயை உடைத்து ஸ்ப்ரே அடிக்காதீர்கள். எறும்புக்குச் சொன்ன அதே காரணம்தான்: கறையான் அந்த வழியைக் கைவிட்டு உங்கள் கண்ணுக்குப் படாத வேறு வழியில் போகும், இரை வைக்க வருகிறவருக்கு இடம் கிடைக்காது. தேசியச் சுற்றுப்புற வாரியத்தில் பதிவு பெற்ற நிறுவனம்தானா என்று கேட்டுவிட்டு அழையுங்கள். அவர் வரும் வரை உதிர்ந்த சிறகில் நாலைந்தையும், கிடைத்தால் ஒரு பூச்சியையும் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள்.