பழைய வணிகரின் காகிதப் பெட்டியைப் பிரித்து அடுக்குவது எப்படி?

19ஆம் நூற்றாண்டுச் சிற்றூர் வணிகர் ஒருவரின் பெட்டியைத் திறந்ததும், கடிதம் ஒரு பக்கம், ரசீது ஒரு பக்கம் என்று பிரிக்கவே கை துறுதுறுக்கும். தயவுசெய்து வேண்டாம். எதை எதோடு சேர்த்துக் கட்டினார் என்பதே ஒரு சான்று. ஒருமுறை கலைந்தால் திரும்பக் கிடைக்காது.

படி 1: இருந்தது இருந்தபடியே படம் எடுங்கள். கட்டுகளுக்கு மேலிருந்து வரிசையாக எண் கொடுங்கள். தாளின் பின்பக்க மூலையில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதினால் போதும். பேனா கூடவே கூடாது.

படி 2: கைகளைக் கழுவி நன்றாக உலர்த்துங்கள். துணிக் கையுறை போட்டால் தொடு உணர்வு மங்கி, தாளின் ஓரம் கிழியும். துருப்பிடித்த குண்டூசியை இழுக்காதீர்கள்; இருபுறமும் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி மெல்ல நகர்த்துங்கள். வரவில்லையா, விட்டுவிடுங்கள். பூஞ்சை பிடித்தவற்றைத் தனியே ஒதுக்குங்கள்.

படி 3: மடித்த கடிதத்தின் வெளிப்பக்கத்தை முதலில் பாருங்கள். அனுப்பியவர் பெயர், தேதி, விஷயச் சுருக்கம் ஆகியவற்றை அங்கேயே குறித்து வைப்பது அன்றைய வணிகர் வழக்கம். கந்தல் துணியில் செய்த பழைய தாள் மடிப்பு விரியத் தாங்கும். நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய மரக்கூழ்த் தாள் பழுத்து, மடிப்பிலேயே முறியும். பழுப்பேறிய இரும்பு மையால் எழுதிய தாளில் ஈரம் பட்டால் அரிப்பு வேகமாகும்.

படி 4: உண்மையான வேலை இங்கேதான். அன்றாட விற்பனை சிட்டையில், அதாவது அன்றன்று நடந்ததை நடந்தபடி எழுதும் ஏட்டில், ஏறும். அங்கிருந்து குறிப்பேட்டுக்கும் (பற்று, வரவு என்று வகைப்படுத்தித் தேதி வரிசையில் எழுதும் ஏடு) பேரேட்டுக்கும் (ஒவ்வொருவர் கணக்கையும் தனித்தனியே காட்டும் ஏடு) போகும். சிறு கடைகளில் குறிப்பேடு இல்லாமலும் இருக்கலாம். சிட்டையில் சர்க்கரை கடன் வாங்கியவர் பெயருக்குப் பக்கத்தில் 84 என்று சின்னதாக இருந்தால், அது பெரும்பாலும் பேரேட்டின் பக்க எண். 84ஐப் புரட்டினால் அவருடைய பற்றும் வரவும் ஒன்றாகத் தெரியும். பெட்டியில் மெல்லிய தாள்களாலான நகல் புத்தகம் இருந்தால், அது அவர் அனுப்பிய கடிதங்கள். ஈரத்தாளை அழுத்தி எடுத்த நகல் என்பதால் எழுத்து மங்கலாக இருக்கும். பின்னால் வெள்ளைத்தாள் வைத்துப் படியுங்கள். வந்த கடிதத்தின் தேதியையும் இதில் உள்ள பதிலின் தேதியையும் பொருத்தினால் பேரம் முழுதும் விளங்கும். குடும்பக் கடிதங்களையும் பிரிக்காதீர்கள்: மகனின் படிப்புச் செலவு பேரேட்டில்தான் இருக்கும்.

படி 5: அமிலமற்ற உறைகளில், ஓர் உறைக்கு 10–15 தாள்கள் வீதம், கட்டு எண்ணோடு வையுங்கள். வெப்பம் 21 டிகிரிக்குள், ஈரப்பதம் 30–50 சதவீதம். செலோடேப், ரப்பர் பேண்டு, லேமினேஷன் எதுவும் வேண்டாம். கிழிந்த துண்டுகளை ஒட்டாமல் அதே உறையில் போட்டுவையுங்கள்.