எக்ஸ்போர்ட் செய்த மெட்டாடேட்டா ஏறவில்லையா? முதல் 3 பைட்டுகளைப் பாருங்கள்

எங்கள் மாஸ்டர் டேட்டா டூலிலிருந்து (நிறுவனத்தின் அடிப்படைத் தரவை நிர்வகிக்கும் மென்பொருள்) என்டிட்டி, ஆட்ரிபியூட், உறவுகள் என டேட்டா மாடல் முழுவதையும், அதாவது தரவின் கட்டமைப்பை விவரிக்கும் மெட்டாடேட்டாவை, சிஎஸ்வியாக (கமாவால் பிரித்த உரைக் கோப்பாக) எடுத்து டெஸ்ட் சர்வரில் ஏற்றினால், 'என்டிட்டி பெயர்' நெடுவரிசையைக் காணோம் என்று பிழை. கோப்பைத் திறந்தால் முதல் நெடுவரிசையே அதுதான்! அனுமதிகளைச் சரிபார்த்தோம், கமாவை செமிகோலனாக மாற்றினோம், மறுபடி எக்ஸ்போர்ட் எடுத்தோம், ஒன்றும் அசையவில்லை. அப்புறம் நெடுவரிசைகளை இடம் மாற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது: எது முதலில் நிற்கிறதோ அதைத்தான் காணோம் என்கிறது. கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் வியூவரில் பார்த்தால் கோப்பின் தொடக்கத்தில் ஈஎஃப் பிபி பிஎஃப், அதாவது யூடிஎஃப்-8 பிஓஎம் (கோப்பு எந்த எழுத்துக் குறியாக்கத்தில் இருக்கிறது என்று காட்டும், கண்ணுக்குத் தெரியாத குறி), முதல் நெடுவரிசையின் தலைப்போடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. அதனால்தான் அந்தப் பெயர் பொருந்தவில்லை. டெக்ஸ்ட் எடிட்டரில் பிஓஎம் இல்லாத யூடிஎஃப்-8 ஆகச் சேமித்ததும் ஏறிவிட்டது, அப்பாடா. ஆனால் இந்தக் கோப்பை விரிதாளில் நேரடியாகத் திறந்தால் தமிழ் லேபிள்கள் குப்பையாகத் தெரியலாம். இம்போர்ட் வழியாக யூடிஎஃப்-8 தேர்ந்தெடுத்துத் திறங்கள்.