வார்சாவிலிருந்து டோருன்: ஒரே நாளில் போய்வரும் வழி

போலந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்த நம்மவர்கள் முதல் விடுமுறைக்குக் கிராக்கோவைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். நல்ல ஊர்தான். ஆனால் கையில் இருப்பது ஒரே நாள், புறப்படுவது வார்சாவிலிருந்து என்றால் நான் டோருனையே சொல்வேன். விஸ்துலா ஆற்றின் வலக்கரையில் செங்கல்லால் எழுந்த ஊர் இது. 1233இல் ஜெர்மானியத் துறவிப் போர்வீரர்களின் அமைப்பான டியூட்டானிக் வீரர் சபை இதற்கு நகர உரிமை வழங்கியது. வார்சாவில் நாம் பார்க்கும் ‘பழைய நகரம்’ போருக்குப் பிறகு மீண்டும் கட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் பெரிய சேதமில்லாமல் தப்பிய டோருனில் நிற்பதோ பெரும்பாலும் அசல். 1997இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். எல்லாமே நடக்கும் தூரம்.

படி 1: கிழமையும் மாதமும்

திங்கட்கிழமை வேண்டாம், அருங்காட்சியகங்கள் பல மூடியிருக்கும். ஞாயிறு போகலாம், ஆனால் சட்டப்படி பெரும்பாலான ஞாயிறுகளில் பெரிய கடைகள் திறப்பதில்லை என்பதால் வழிக்கான தின்பண்டத்தைச் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். டிசம்பரில் மாலை நான்கு மணிக்குள் இருட்டிவிடும். ஜூனில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். முதல்முறை போகிறவர்களுக்கு மே முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம்.

படி 2: ரயில்

வார்சா சென்ட்ரால்னா நிலையத்திலிருந்து நேரடி ரயில்கள் உண்டு. பயணம் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மணி நேரம். காலை எட்டு மணிக்குள் புறப்படும் ரயிலாகப் பாருங்கள். டிக்கெட்டை இணையத்தில் எடுத்தால் அதில் பெயர் இருக்கும், அடையாள அட்டை கேட்பார்கள். போலந்துப் பல்கலைக்கழகத்தின் மாணவர் அட்டை இருந்து, 26 வயது நிறையாமல் இருந்தால் கட்டணத்தில் 51 சதவீதம் குறையும். பரிசோதகரிடம் அட்டையைக் காட்ட வேண்டும். வீட்டில் வைத்துவிட்டுப் போனால் சலுகை செல்லாது.

நிலையத்தில் ஒட்டியிருக்கும் கால அட்டவணைகளில் மஞ்சள் தாள் புறப்பாடு, வெள்ளைத் தாள் வருகை. அடுத்து, ‘பெரோன்’ என்றால் நடைமேடை, ‘தோர்’ என்றால் தண்டவாளம். ஒரு நடைமேடைக்கு இரண்டு பக்கமும் இரண்டு தோர் இருக்கும். பலகையில் ‘பெரோன் 3, தோர் 5’ என்று கண்டால் ஐந்தாம் நடைமேடையைத் தேடி ஓடாதீர்கள்; மூன்றாவதற்குப் போய், ரயில் எந்தப் பக்கம் வருகிறது என்று பாருங்கள்.

படி 3: இறங்கியதும் ஊருக்குள் ஓடாதீர்கள்

டோருனில் குவூவ்னி, மியாஸ்டோ என்று இரண்டு நிலையங்களின் பெயரைக் காண்பீர்கள். மியாஸ்டோ பழைய நகரத்துக்கு அருகில், அதே கரையில் இருக்கிறது. குவூவ்னி எதிர்க்கரையில். வார்சா ரயில்கள் பெரும்பாலும் நிற்பது குவூவ்னியில்தான். வெளியே வந்ததும் எல்லோரும் பஸ் ஏறி ஆற்றைக் கடந்துவிடுகிறார்கள். நீங்கள் ஏறாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கேட்பதானால் இதைக் கேளுங்கள்.

ஆற்றை நோக்கி நடந்தால் முதலில் திபூவ் கோட்டையின் இடிபாடு வரும். வீரர் சபையின் ஊருக்கு நேர் எதிரே போலந்து அரசர் யாகியெவ்வோ 15ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. அங்கிருந்து கெம்பா பசரோவா என்னும் இடத்தில் உள்ள காட்சி மேடைக்குப் போங்கள். எதிரே மதில், வாயில்கள், தானியக் கிடங்குகள், அவற்றுக்கு மேல் தேவாலயங்கள் என்று ஊர் முழுவதும் ஒரே வரிசையில் தெரியும். நாம் நிற்பது தென்கரை. நண்பகலை ஒட்டிய வேளையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் படங்களும் நன்றாக வரும்.

இங்கே பத்து நிமிடம் நிற்பது அழகுக்காக மட்டும் அல்ல. டோருன் ஹான்சா வணிகக் கூட்டமைப்பில் இருந்த ஊர். தானியமும் மரமும் இந்த ஆற்றின் வழியே கடலுக்குப் போயின. பணமும் அயல்நாட்டுச் சரக்கும் இதே வழியாக வந்தன. ஊர் தன் முகத்தை ஆற்றுக்குத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு உள்ளே போனால் ஒவ்வொரு கட்டடமும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பது தானே புரியும்.

பிறகு சாலைப் பாலத்தின் மேல் நடந்து மறுகரை சேருங்கள். நடக்க முடியாதவர்கள் பஸ் பிடித்து, பாலம் தாண்டியதும் வரும் ராபட்ஸ்கி சதுக்கத்தில் இறங்கலாம்.

படி 4: ஆற்றோரம் வழியாக உள்ளே

நேராகச் சந்தைச் சதுக்கத்துக்குப் போகாமல் கரைச்சாலைக்கு இறங்குங்கள். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா இவ்வூரின் இணை நகரம் என்பதால் சாலைக்கும் அதே பெயர். மதிலில் உள்ள மடாலய வாயில் வழியாக நுழைந்தால் பக்கத்திலேயே சாய்ந்த கோபுரம். அடியில் மண் இறங்கியதால் சாய்ந்தது. அதன் சுவரில் முதுகையும் குதிகாலையும் ஒட்டி, கைகளை முன்னால் நீட்டி விழாமல் நிற்பவர் பாவமற்றவர் என்பது உள்ளூர் நம்பிக்கை. சுவர் முன்புறமாகத் தள்ளுவதால் யாருக்கும் அது எளிதில் கைகூடாது. வரிசையில் நின்று பாவியாகிவிட்டு வாருங்கள்.

அங்கிருந்து கிழக்கே கோப்பர்னிகஸ் தெரு. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன வானியலாளர் கோப்பர்னிகஸ் 1473 பிப்ரவரி 19 அன்று பிறந்ததாகக் கருதப்படும் வணிகர் வீடு இப்போது அருங்காட்சியகம். தெருவின் முடிவில் புனித யோவான் பேராலயம். கோப்பர்னிகஸுக்கு ஞானஸ்நானம் நடந்த இடம். 1500இல் வார்த்த ‘தூபா தேயி’ மணி, சுமார் 7 டன் எடை, இதன் கோபுரத்தில் இருக்கிறது. ஆற்றைப் பார்த்த பக்கத்துக் கடிகாரத்தைக் கவனியுங்கள்: ஒரே ஒரு முள். தெப்பம் ஓட்டி வந்தவர்களுக்கு மணி தெரிந்தால் போதும், நிமிடம் எதற்கு?

இனிச் சந்தைச் சதுக்கம். நடுவில் பழைய நகர மன்றம். அதன் கோபுரத்தில் ஏறலாம். அருகே 1853இல் நிறுவிய கோப்பர்னிகஸ் சிலை. பூமியை நகர்த்தியவர், சூரியனையும் வானத்தையும் நிறுத்தியவர் என்று லத்தீனில் பொறித்திருக்கிறார்கள்.

படி 5: சாப்பாடு

சைவர்களுக்கு ‘பியெரோகி ருஸ்கியே’: உருளைக்கிழங்கும் தயிர்ப்பாலாடைக் கட்டியும் அடைத்து வேகவைத்த கொழுக்கட்டை. ஆனால் மேலே பொரித்த பன்றிக் கொழுப்புத் துண்டுகளைத் தூவித் தருவது வழக்கம். ‘பெஸ் ஸ்க்வாரெக்’ என்று சொன்னால் அது இல்லாமல் வரும். ‘ஷூரெக்’ என்ற புளிப்பு சூப்பில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும். கழிவறைக் கதவில் முக்கோணம் ஆண்களுக்கு, வட்டம் பெண்களுக்கு. சில இடங்களில் காசு கேட்பார்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: இஞ்சி ரொட்டி

டோருனின் பெயரைப் போலந்து முழுதும் கொண்டுபோனது ‘பியெர்னிக்’. தேன், மாவு இவற்றோடு இலவங்கப்பட்டை, கிராம்பு, இஞ்சி, மிளகு எல்லாம் சேரும். இந்த மசாலாப் பொருள்களில் எதுவும் வட ஐரோப்பாவில் விளைவதில்லை. நம் மேற்குக் கடற்கரை மிளகும் பல கை மாறி இங்கே வந்து சேர்ந்தது. காலையில் எதிர்க்கரையிலிருந்து பார்த்தோமே, அந்த வாணிபத்தின் விளைச்சல்தான் இந்த ரொட்டி.

இதற்கென இரண்டு அருங்காட்சியகங்கள் உண்டு. ஒன்று போதும் என்றால் ரபியான்ஸ்கா தெருவில் உள்ள ‘உயிருள்ள’ அருங்காட்சியகத்துக்குப் போங்கள். மாவை மர அச்சில் அழுத்தி நீங்களே சுடலாம். குறித்த நேரங்களில் மட்டும் நடப்பதால் முன்பதிவு அவசியம். அங்கே சுட்டது அலங்காரத்துக்கானது, கடித்தால் பல்லுக்குக் கேடு. தின்பதற்குக் கடையில் ‘கத்தஜின்கி’ வாங்குங்கள். முட்டை தவிர்ப்பவர்கள் உறையில் ‘யாயா’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 7: கோட்டை, பிறகு ரயில்

ஷெரோகா தெரு வழியாகக் கிழக்கே போனால் வீரர் சபையின் கோட்டை. 1454இல் நகர மக்கள் கிளர்ந்தெழுந்து இடித்துத் தள்ளினார்கள். தொடர்ந்து நடந்த பதின்மூன்று ஆண்டுப் போர் 1466இல் இதே ஊரில் கையெழுத்தான ஒப்பந்தத்தோடு முடிந்தது. இடிபாட்டில் இன்றும் கம்பீரமாக நிற்பது எது தெரியுமா? கழிப்பறைக் கோபுரம். ஆத்திரத்திலும் அதைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள்!

திரும்பும்போது பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். கால் அதற்குள் கெஞ்சும். ரயிலுக்கு நாற்பது நிமிடம் முன்னதாகவே பழைய நகரத்தை விட்டுக் கிளம்புங்கள். கோடை வார இறுதிகளில் மாலை ரயில்கள் நிரம்பிவிடுவதால், திரும்பும் டிக்கெட்டையும் காலையிலேயே எடுத்து வைத்திருக்க வேண்டும். நேரடி ரயிலில் இடமில்லையென்றால் குட்னோவில் மாறிப் போகும் வழி இருக்கிறதா என்று பாருங்கள்.